துணித்துறையில் மேற்படிப்பு: வணிக முகாமைத்துவப் பட்டத்தோடு எங்கே போகலாம்?

கடற்பட்சி (சாம்பல்தீவு)

எல்லோருக்கும் வணக்கம். கோணேசபுரி கம்பஸில் வணிக முகாமைத்துவம் முடித்துவிட்டு, இப்போது ஓர் ஆடைத் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடல் பகுதியில் இருக்கிறேன். வேலை பிடித்திருக்கிறது. ஆனால் கூட்டத்தில் துணி பற்றிப் பேச்சு எடுத்தால் எனக்கு வாய் திறக்க முடிவதில்லை. ஷேட் (நிறச்சாயல்) மாறிவிட்டது, துவைத்தால் சுருங்குகிறது, இந்த ரோலை ஒதுக்கி வையுங்கள் என்பார்கள். ஏன் என்று கேட்டால் 'மில்லில் பிரச்சினை' என்று முடித்துவிடுவார்கள். மில் எங்கேயோ கடல் தாண்டி இருக்கிறது. திட்டம் குழம்பினால் பதில் சொல்வது மட்டும் நான்.

அதனால் துணித் தொழில்நுட்பம், வடிவமைப்பு, முகாமைத்துவம் மூன்றும் சேர்ந்த முதுமாணிப் படிப்பு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சுவீடன், இங்கிலாந்து, இந்தியா என்று பார்த்துத் தலை சுற்றியதுதான் மிச்சம். புலமைப்பரிசில் இல்லாமல் வெளிநாட்டை நினைக்க முடியாது. மாமா எம்.பி.ஏ. செய் என்கிறார். அம்மா, "கார்மென்ட்ஸுக்குப் போனது போதாதா, அதற்குப் படிப்பு வேறா" என்கிறார். இந்தப் பாதையில் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

உவர்மலையான்

தங்கச்சி, மூன்றும் சேர்ந்த படிப்பு என்று பெயரில் இருக்கும். விண்ணப்பம் போடும்போதுதான் அவை மூன்று தனி வாசல்கள் என்று தெரியும்.

தொழில்நுட்ப வாசலில் உங்கள் முதல் பட்டத்தில் கணிதம், இரசாயனம், பௌதிகம், பொறியியல் எவ்வளவு என்று கேட்பார்கள். வணிகப் பட்டத்தோடு அங்கே நிற்பது கடினம். வடிவமைப்புக்காரர்கள் சான்றிதழைவிட நீங்கள் செய்தவற்றின் தொகுப்பைத்தான் பார்ப்பார்கள். முகாமைத்துவ வாசல் உங்களுக்குத் திறந்திருக்கிறது, அதுவும் தொழிற்சாலை அனுபவத்தோடு போனால் நன்றாகவே திறக்கும்.

மாமாவின் எம்.பி.ஏ. கெட்ட யோசனை இல்லை. ஆனால் உங்கள் கேள்வி 'மில்லில் என்ன பிரச்சினை' என்பது. அதற்கு எம்.பி.ஏ. பதில் சொல்லாது. நான் மொறட்டுவையில் இதே துறையில் பொறியியல் படித்து, சாயமிடும் ஆலையில் பல வருடம் இருந்தவன். ஆட்களை நடத்தத் தெரிந்தவர்கள் எங்கள் நாட்டில் நிறைய. துணியைத் தெரிந்தவர்கள் குறைவு.

கிண்ணியா நூல்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். உவர்மலை அண்ணா சொன்னது சரி, ஆனால் கொஞ்சம் பயமுறுத்திவிட்டார்.

தங்கச்சி, முதலில் நாட்டுக்குள்ளேயே பாருங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் துணி, ஆடைப் பொறியியல் துறை, கட்டுபெத்தையில். வேலை செய்கிறவர்களுக்காகத் துணி, ஆடை முகாமைத்துவத்தில் பட்டப்பின் டிப்ளோமாவும் எம்.எஸ்சி.யும் நடத்தி வந்திருக்கிறார்கள். அடுத்த அழைப்பு எப்போது, நுழைவுத் தகுதி என்ன என்று துறைக்கே எழுதிக் கேளுங்கள். வேலையை விடாமல் படிக்கலாம்.

சிக்கல் பயணம்தான். வெள்ளி இரவு ரயில் ஏறினால் சனி காலை கோட்டை. ஞாயிறு இரவு திரும்ப ஏறினால் திங்கள் காலை நித்திரை முகத்தோடு வேலைக்குப் போகலாம். கொழும்பில் தங்க ஒரு சொந்தக்காரர் வீடு இருந்தால் பாதிப் பட்டம் முடிந்தது என்று நினையுங்கள்.

உவர்மலையான்

நானா, பயமுறுத்தவில்லை. இரண்டு வருடம் போன பிறகு 'நான் கேட்டது இதில்லை' என்று சொல்லக் கூடாது என்பதற்காகத்தான்.

ஷேட் ஏன் மாறுகிறது என்று கேட்டார் அல்லவா, அதையே எடுப்போம். பருத்திக்குப் பெரும்பாலும் ரியக்டிவ் சாயம். இது நாரோடு இரசாயனப் பிணைப்பு போடும். அதே நேரம் தொட்டியில் உள்ள தண்ணீரோடும் சேர்ந்து வீணாகும். உப்பைப் போட்டால் சாயம் நாரை நோக்கிப் போகும், காரத்தைப் போட்டால் பிடித்துக்கொள்ளும். காரத்தைச் சில நிமிடம் முந்திப் போட்டாலோ, வெப்பநிலை கொஞ்சம் விலகினாலோ, இந்தத் தொட்டியின் நீலமும் அடுத்த தொட்டியின் நீலமும் இரண்டு நீலம். பருத்தி வேறு தொகுதியில் இருந்து வந்தால் சாயமே சரியாக இருந்தாலும் நிறம் வேறு. இதற்கு மேல் விளக்கு. பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கில் ஒத்துப்போன இரண்டு துண்டுகள், கடைகளில் போடும் டிஎல்84 விளக்கில் பிரிந்து நிற்கும். வாங்குபவர் எந்த விளக்கில் பார்க்கிறார் என்பதைக் கேட்காமல் அனுமதி வாங்கினால் தலைவலி உங்களுக்குத்தான்.

சுருக்கமும் அப்படித்தான். பின்னல் துணியைச் சாயமிட்டு முடிக்கும்போது நீளவாக்கில் இழுத்துப் பிடித்து அனுப்பினால் மீட்டர் கணக்கில் லாபம். துவைத்ததும் அது பழைய இடத்துக்கே திரும்பும். அதனால்தான் வெட்டுவதற்கு முன் விரித்து ஆறவிடச் சொல்கிறார்கள்.

இதெல்லாம் ஓர் அரைவருடத்தில் படிக்கக்கூடிய விஷயம். முழுப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ரத்மலானையில் இலங்கை நெசவு, ஆடை நிறுவகம் இருக்கிறது. முன்பு தனித்தனியாக இருந்த இரண்டு பயிற்சி நிலையங்களைச் சேர்த்து உண்டாக்கியது. அங்கே குறுகிய பாடநெறிகள் வரும். முதலில் அதில் ஒன்றைச் செய்யுங்கள், பிறகு முதுமாணி. இந்த வரிசையில் போனால் முகாமைத்துவப் படிப்பிலும் நீங்கள்தான் தனியாகத் தெரிவீர்கள்.

தறிக்காரி (தம்பலகாமம்)

எல்லோரும் தொழிற்சாலைக்குள்ளேயே நிற்கிறீர்கள். வடிவமைப்பு என்று பிள்ளை கேட்டதை ஒரு வரியில் கடந்து போய்விட்டீர்கள்.

நான் கைத்தறிப் பயிற்சி நிலையத்தில் படிப்பித்தவள், இப்போது ஓய்வு. மருதமுனைச் சாரம் இல்லாத வீடு கிழக்கில் உண்டா? ஆனால் மருதமுனையிலும் சரி, எங்கள் நிலையங்களிலும் சரி, கோடும் கட்டமும்தான் திரும்பத் திரும்ப வரும். நெய்பவருக்குத் திறமை இல்லாமல் இல்லை. பாவு ஓட்டும் முன்பே நிறத்தைத் தீர்மானிக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் இல்லை. கொழும்பில் பாபரா சன்சோனி கைத்தறியில் அதைத்தான் செய்தார். சாதாரணத் தறி, சாதாரண நூல், ஆனால் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று பார்க்கத் தெரிந்த கண். மாத்தளை அலுவிகாரையில் ஏனா டி சில்வா பத்திக்கில் செய்ததும் அப்படித்தான். இங்கே அப்படி யாரும் வரவில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

மகள், உங்களுக்கு வரையப் பிடிக்குமா? பிடித்தால் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது, 1961இல் தொடங்கியது, நெசவு வடிவமைப்பில் முதுநிலை உண்டு. சென்னையில் நிஃப்ட் என்ற தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, மொழிப் பிரச்சினையும் குறைவு. பிடிக்காவிட்டால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். வடிவமைப்பு முகாமைத்துவம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு கோடு கூட போடத் தெரியாதவர்களைப் பார்த்துவிட்டேன்.

கடற்பட்சி

உண்மையைச் சொன்னால் எனக்கு வரைய வராது அம்மா. எக்செல் தாளில் கட்டம் போடுவதுதான் என் ஓவியம்.

அண்ணா சொன்ன காரம், உப்பு விஷயத்தை நேற்றுத் துணிப் பரிசோதனைப் பகுதியில் இருக்கும் அக்காவிடம் சொன்னேன். இத்தனை நாள் குறையின் அளவுக்கேற்பப் புள்ளி போடும் நான்கு புள்ளி முறையில் ரோல்களின் குறை எண்ணுகிறேன், இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை என்றார்.

பனிநாட்டான்

நான் உட்துறைமுக வீதியில் வளர்ந்தவன், இப்போது சுவீடனில். போறோஸ் நகரில் படித்தேன், பழைய ஆலைக் கட்டடங்களுக்குள் நெசவுப் பள்ளி. வெளிநாட்டுப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

போறோஸில் துணிப் பொறியியல், துணி முகாமைத்துவம், வடிவமைப்பு எல்லாம் முதுநிலையில் உண்டு, பொறியியலும் முகாமைத்துவமும் ஆங்கிலத்தில். பெறுமதியான விஷயம், மூன்று பிரிவுப் பிள்ளைகளும் ஒரே கட்டடத்தில். பின்னல் இயந்திரம், தறி, சாய ஆய்வுகூடம் பக்கத்திலேயே. முகாமைத்துவம் படிப்பவரும் எட்டிப் பார்க்கலாம். சுவீடனுக்கு எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே இணையத்தளத்தில் ஒரே விண்ணப்பம், விருப்ப வரிசைப்படி நான்கு முதுமாணிப் படிப்புகள் வரை போடலாம். விண்ணப்பக் கட்டணம் 900 குரோனர். இலையுதிர்காலச் சேர்க்கைக்கு ஜனவரி நடுப்பகுதியில் மூடிவிடுவார்கள். 2011 முதல் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்குக் கல்விக் கட்டணம் உண்டு, அது சின்னத் தொகை இல்லை. சுவீடிஷ் நிறுவகப் புலமைப்பரிசிலின் நாட்டுப் பட்டியலை அந்த வருடத்துக்குரியதாகப் பாருங்கள், மாறிக்கொண்டே இருக்கும்.

பொறியியல் பட்டம் உள்ளவர்களுக்கு வீ-டீம் என்று ஒன்று. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தும், ஐரோப்பிய ஒன்றிய உதவித்தொகை உள்ள எராஸ்மஸ் முண்டஸ் முதுமாணி, அரையாண்டுக்கு ஒரு நாடு. அந்த உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ. கடற்பட்சிக்கு இது பொருந்தாது, வாசிக்கும் வேறு யாருக்காவது உதவும்.

ஜேர்மனி இலவசம் என்று இங்கே யாராவது எழுதப் போகிறார்கள், அதற்கு முன் நானே சொல்கிறேன். பல மாநிலங்களின் அரச பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை, ஆனால் ஆங்கிலத்தில் நடக்கும் சில முதுமாணிகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. விசாவுக்கு, வாழ்க்கைச் செலவுக்கென்று முடக்கிய வங்கிக் கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், 2024 செப்டெம்பரில் இருந்து அதுதான் தொகை. ரூபாயில் பெருக்கிப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

கிண்ணியா நூல்

பெருக்கிப் பார்த்தேன். தேநீர் ஆறிவிட்டது.

உவர்மலையான்

பனிநாட்டான் தம்பி, நல்ல விபரம். ஆனால் உங்களிடம் ஒரு கேள்வி. படித்து முடித்து ஏன் திரும்பி வரவில்லை? குறை சொல்லக் கேட்கவில்லை. இந்த இழையில் யாரோ ஒருவர் கேட்கத்தானே வேண்டும்.

பனிநாட்டான்

கேட்கலாம் அண்ணா. நான் படித்தது நெய்த துணியின் பூச்சுத் தொழில்நுட்பம். இலங்கையில் அதற்கு வேலை தேடினேன், சொன்ன சம்பளத்தில் கடன் கட்ட முடியாது. எங்கள் நாடு தைக்கிற நாடு, துணி செய்கிற நாடு இல்லை. வெளியே போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

உவர்மலையான்

இதோ, விஷயத்துக்கு வந்துவிட்டீர்கள். தைக்கிற நாடு என்பது முழு உண்மை இல்லை, பின்னல் துணிக்கு டீஜே, ஓஷன் லங்கா, ஹேலீஸ் என்று ஆலைகள் இருக்கின்றன. நெய்த துணிதான் பெரும்பாலும் கப்பலில் வருகிறது. நாட்டின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவில் ஆடைகள். அந்த வருமானத்தில் நல்ல பகுதி துணி வாங்கவே திரும்பப் போகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வரிச் சலுகையையும் பாருங்கள். ஜி.எஸ்.பி. பிளஸ் 2010 ஆகஸ்டில் போனது, 2017 மே மாதத்தில் திரும்பி வந்தது. வந்தது என்று மகிழ்ந்தோம். ஆனால் எங்களுக்கு இரண்டு படி விதி. நூல் துணியாக வேண்டும், துணி உடையாக வேண்டும், இரண்டும் சலுகை பெறும் நாட்டில் நடக்க வேண்டும். சீனத் துணியை இங்கே தைத்து அனுப்பினால் வரி கட்ட வேண்டியதுதான். இந்தியத் துணிக்குப் பிராந்தியக் கூட்டு விதி நிபந்தனையோடு கொஞ்சம் இடம் தரும். பங்களாதேஷ் குறைவிருத்தி நாடு என்ற வகையில் ஒரு படியோடு போய்க்கொண்டிருக்கிறது. ஆக, இங்கே துணி ஆலை இல்லாதது தைக்கிறவரின் சட்டைப்பையில் நேரே கை வைக்கிறது.

அதனால்தான் ஏறாவூர் புன்னைக்குடாவில் துணி உற்பத்திப் பூங்கா என்று முதலீட்டுச் சபை நிலம் ஒதுக்கியது. மூதூர், வெருகல், வாகரை என்று ஏ15 வீதியில் போனால் நமக்கு அடுத்த வீடு. அது நிரம்பினால் துணி தெரிந்த தமிழ் பேசும் ஆட்களை எங்கே தேடுவார்கள்?

கிண்ணியா நூல்

அண்ணா, நிரம்பினால். அந்தச் சொல்லை அழுத்தி வாசியுங்கள். பூங்காவை நம்பி ஒரு பிள்ளையைப் படிக்கச் சொல்லாதீர்கள். சாயமிட்டு முடிக்க ஒரு கிலோ துணிக்கு 100 லீற்றர் அளவில் தண்ணீர் போகும், அந்தக் கழிவு நீரை என்ன செய்வது என்று மீனவர்கள் கேட்கிறார்கள். நானும் கடலை நம்பிய குடும்பம். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் வேண்டும்.

உவர்மலையான்

கேள்வி சரி. ஆனால் அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவரும் துணி படித்தவர்தான். நாரில் பிடிக்காத சாயமும் போட்ட உப்பும் எல்லாம் கழிவில்தான் இருக்கும். நிறத்தை எடுப்பது ஓரளவு சுலபம், கரைந்த உப்பை எடுப்பது செலவு. திருப்பூரில் நீதிமன்றம் தலையிட்டு, 2011இல் சாயப்பட்டறைகளை மூடவைத்த பிறகுதான் கழிவு நீரை வெளியே விடாத முறைக்கு ஒழுங்காக வந்தார்கள். நாங்கள் அங்கே கெட்டுப்போன நொய்யல் ஆற்றைப் பார்த்துக்கொண்டே அதே தவறைச் செய்யத் தேவையில்லை.

தறிக்காரி

நல்ல சண்டை, ஆனால் பிள்ளை கேட்டது எங்கே போனது?

பனிநாட்டான்

அம்மாவுக்கு நன்றி. கடற்பட்சி, உங்களுக்கு என் பட்டியல் இதுதான், வரிசையும் என் வரிசைதான்.

ஒன்று பிரித்தானியா, அந்நாட்டு அரசின் செவனிங் புலமைப்பரிசிலோடு. ஒரு வருட முதுமாணி, முழுச் செலவும் அவர்கள். 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள், அதாவது முழுநேர வேலையில் இரண்டு வருடம் அளவு. முடித்த பிறகு திரும்பி வந்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும், என்னைப் போல ஓடக் கூடாது. லீட்ஸ், மான்செஸ்டர், ஸ்கொட்லாந்தில் கலஷீல்ஸில் இருக்கும் ஹெரியட்-வாட் நெசவுப் பள்ளி மூன்றையும் பாருங்கள். போட்டி கடுமை. 'படிக்க ஆசை' என்று எழுதினால் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

அடுத்தது இந்தியா. உயர்ஸ்தானிகராலயம் வழியாக வரும் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில். கோயம்புத்தூர் நல்ல இடம், சுற்றிலும் நூற்பாலை, 1956 முதல் சிற்றா என்ற நெசவு ஆராய்ச்சி நிலையம் அங்கே. சென்னை நிஃப்டில் ஆடை முகாமைத்துவம். தமிழில் பேசிக்கொண்டே ஆலைக்குள் நடக்கலாம், அந்த வசதி எனக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் வட கரோலினா அரச பல்கலைக்கழகத்தில் துணித் தொழில்நுட்ப முகாமைத்துவம் என்றே கலாநிதிப் பட்டம் இருக்கிறது, ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தால் சம்பளமும் உண்டு. அது முதுமாணிக்குப் பிறகு யோசிக்கலாம்.

கடற்பட்சி

'படிக்க ஆசை' என்று எழுதக் கூடாது என்றால் என்ன எழுதுவது?

உவர்மலையான்

உங்கள் மேசையில் இருக்கிற கணக்கை எழுதுங்கள். 20 பேர் உள்ள ஒரு தையல் வரிசை, ஒரு நாளுக்கு 480 நிமிடம். மொத்தம் 9,600 நிமிடம். ஒரு சட்டைக்கு எஸ்.எம்.வி., அதாவது தைக்கக் கணக்கிட்ட நியம நிமிடம், 15 என்றால், 384 சட்டை வந்தால் 60 வீதச் செயற்றிறன். இது உங்களுக்குப் பாடம். இப்போது ஷேட் பொருந்தவில்லை என்று வரிசை ஒரு மணி நேரம் நின்றால் 1,200 நிமிடம் போனது. எட்டில் ஒரு பங்கு. இதை மில்லின் பெயரில் யாரும் எழுதுவதில்லை, தையல் பிள்ளைகளின் செயற்றிறன் குறைவு என்றுதான் அறிக்கையில் வரும், ஊக்கத்தொகையும் குறையும்.

துணிக் குறையால் நின்ற நேரத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள். நான்கு புள்ளி முறையில் எத்தனை புள்ளி வாங்கிய ரோல், எந்த வரிசைக்குப் போனது, எவ்வளவு நேரம் நின்றது. நிறுவனத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள், வாங்குபவர் பெயர் வெளியே வரக் கூடாது. சில மாதம் சேர்த்தால் அதுவே உங்கள் ஆய்வு முன்மொழிவு. முகாமைத்துவப் பட்டக்காரர் ஒருவர் துணிக்குள் இறங்கி எழுதியது என்று எந்தத் தேர்வுக் குழுவுக்கும் புரியும்.

கிண்ணியா நூல்

இதில் நான் அண்ணா பக்கம். ஒன்று சேர்க்கிறேன்: உள்நாட்டில் முதுமாணி எடுத்தால் எஸ்.எல்.கியூ.எஃப். (இலங்கைத் தகைமைச் சட்டகம்) மட்டம் பாருங்கள். 9ஆம் மட்டம் பாடநெறி மட்டும், 10ஆம் மட்டத்தில் ஆய்வும் உண்டு. பின்னால் கம்பஸில் படிப்பிக்கவோ கலாநிதிக்குப் போகவோ எண்ணம் இருந்தால் 10ஐ எடுங்கள்.

மட்கோ_புதுசு

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஏ.எல். தொழில்நுட்பப் பிரிவு, இசட் புள்ளி காணாது. எனக்கு இந்தத் துறையில் ஏதாவது வழி உண்டா?

கிண்ணியா நூல்

உண்டு தம்பி. திறந்த பல்கலைக்கழகத்தில் கைத்தொழில் கற்கைமாணிப் பட்டம், துணி உற்பத்தி, ஆடை உற்பத்தி, வடிவமைப்பு என்று பிரிவுகள். இசட் புள்ளி கேட்கமாட்டார்கள். நிர்வாக வேலைகளுக்குத் திருகோணமலையில் கற்கை நிலையம் இருக்கிறது, செய்முறைக்கு நாவலைக்குப் போக வேண்டி வரும். ஆங்கிலத்தை இப்போதே பிடியுங்கள். விபரம் வேண்டுமானால் தனி இழை போடுங்கள், நான் வருகிறேன்.

கடற்பட்சி

இன்று மேலாளரிடம் கேட்டேன். நின்ற நேரத்தைக் குறிக்க அனுமதி தந்துவிட்டார், வாங்குபவர் பெயருக்குப் பதில் எழுத்துக் குறி போடச் சொன்னார். ரத்மலானைப் பாடநெறிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். மொறட்டுவைக்கும் கேட்பேன், செவனிங்குக்கும் போடுவேன், எது முதலில் வருகிறதோ பார்ப்போம். வீட்டில் இன்னும் பேசவில்லை. கம்பஸில் இருந்து பெறுபேற்று விபரப் பத்திரம் எடுக்க எவ்வளவு நாள் ஆகும் என்று யாருக்காவது தெரியுமா?

தறிக்காரி

நாளை என்று சொல்வார்கள், நீங்கள் இன்றே விண்ணப்பியுங்கள் மகள். இரண்டு மூன்று பிரதி சேர்த்து எடுங்கள், முத்திரையிட்ட உறையில் கேட்கிற இடங்களும் உண்டு. அம்மாவிடம் என் இலக்கத்தைக் கொடுங்கள், தனிமடலில் அனுப்புகிறேன்.